இரண்டாவது தழும்பு

ரொசாரி அண்ணன் கடலோடு போய் ஆறு வருடம் ஆகிறது. இன்று அவர் வீட்டு ஹாலில் நடமாடி, மகள் ஜெசிந்தாவுக்குப் பாடம் சொல்லித் தரும், அவரைப் போலவே கம்ப்யூட்டரில் செய்த ஒளி உருவத்துக்குத் தோல் வரைந்தவன் நான். அப்பா போனபோது அவள் கைக்குழந்தை.

இடது கன்னத்தில் தூண்டில் முள் கிழித்த தழும்பை வரைந்த அன்று, ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கமும் தானே வரையும் சிம்மெட்ரியை அணைக்க மறந்துவிட்டேன். கற்றுக்குட்டி செய்யும் தப்பு. போன வாரம்தான் பழைய ஃபைலில் கவனித்தேன். உடனே தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன்.

"முதல் நாளே பார்த்துட்டேன் தம்பி," என்றார் அவர் மனைவி பிலோமினா. "அவரு திரும்ப நடமாடுனதே போதும்னு இருந்துச்சு."

டேப்லெட்டில் பிரஷ்ஷை எடுத்து வலது கன்னத்துத் தழும்பை அழித்தேன். இரண்டு நிமிட வேலை.

பள்ளிக்கூடம் விட்டு வந்த ஜெசிந்தா அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். பையைக் கழற்றாமலே அம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

"அப்பா எங்க?"

பிலோமினா சுவரிலிருந்த கல்யாண போட்டோவைக் காட்டினார். "பாரு, அப்பாவுக்கு ஒரு தழும்புதான்."

"அந்த போட்டோவும் தப்பு."

"வா கண்ணு, சாப்பிட்டியா?" என்றது உருவம். அவள் நகரவில்லை.

இந்த முறை தெரிந்தே சிம்மெட்ரியைப் போட்டு, இடது தழும்பின் மேல் பிரஷ்ஷை ஓட்டினேன். வலது கன்னத்திலும் அது வந்தது. ஜெசிந்தா ஓடிப்போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பிலோமினா கல்யாண போட்டோவை ஆணியிலிருந்து கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்து, என்னிடம் நீட்டினார்.

"இதுலயும் ஒண்ணு போட்டுருங்க தம்பி."