பக்கத்துச் செல்லுக்குத் தெரியாமல்

"வலிக்குமா தம்பி?"

படுக்கையில் கிடந்த அக்கா கேட்டதும் டெக்னீஷியனின் கையிலிருந்த மார்க்கர் பேனா நழுவித் தரையில் உருண்டது. ஐந்து வருட அனுபவசாலிக்கு இது அழகா என்று தன்னையே திட்டிக்கொண்டு குனிந்து எடுத்தான்.

"வலிக்காதுக்கா. அசையாமப் படுத்திருந்தாப் போதும்."

தாடைக்குக் கீழே கட்டி. ஒருமுறை அறுத்து எடுத்தும் திரும்பி வந்துவிட்டது. காலையில் இரண்டு மணி நேரம் அவளுக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றியிருந்தார்கள்.

"அந்த மருந்துல என்ன இருக்கு?"

"போரான்க்கா. அடுப்புச் சூட்டுக்கு உடையாத கண்ணாடிப் பாத்திரம் இருக்குல்ல, அதுல இருக்கிற அதே போரான். கரப்பான் பூச்சிக்கு வைக்கிற பவுடர்லயும் உண்டு."

"அப்ப எனக்குக் கரப்பான் மருந்தா ஏத்தியிருக்கீங்க?"

"அது இதுக்குச் சித்தப்பா முறை. இது சாது. புற்று செல்லுக்குப் பசி ஜாஸ்தி, மத்த செல்லைவிட இதை அதிகமா வாரி முழுங்கிடும். அப்புறம் அந்தச் சுவத்துத் துளை வழியா நியூட்ரானை அனுப்புவோம். போரான் அதைப் பிடிச்ச உடனே இருந்த இடத்துலயே வெடிக்கும். முழுங்கின செல்லோட கதை முடிஞ்சுது. பக்கத்துச் செல்லுக்கு விஷயமே தெரியாது."

"பக்கத்து வீட்டுக்குக் கேட்காம சண்டை போடுற மாதிரி."

"எங்க வீட்டுல அது முடியாதுக்கா."

அவள் சிரித்தாள். அதில், குறி பார்க்க அவன் கழுத்தில் வைத்திருந்த மார்க்கர் புள்ளி அசைந்துவிட்டது. அவன் மறுபடி அளந்தான். இன்னொரு தடவையும் அளந்தான்.

"எத்தனை தடவை அளப்பீங்க?"

"எங்க மேடத்தோட உத்தரவு. ஒரு மில்லிமீட்டர் தள்ளினாலும் உயிரை எடுத்துடுவாங்க. சரியான ராட்சசி."

"எங்க அவங்க, ஆளைக் காணோம்?"

"இன்னைக்கு லீவு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நாங்க வெளியே போறோம். கேமராவுல பார்த்துக்கிட்டே இருப்பேன். கையைத் தூக்கினீங்கன்னா நிறுத்திடுவேன்."

"என்னை மாட்டிவிட்டுட்டு நீங்க மட்டும் தப்பிச்சுக்கிறீங்க."

"எங்களுக்கும் போரான்தான் காவல். இந்தச் சுவருக்குள்ள அதைத்தான் கலந்திருக்கு."

கனத்த கதவு மூடியது. நாற்பது நிமிடம் அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நர்ஸ் நீட்டிய காபி ஆறிப்போனது. அவள் கை எழவே இல்லை. கதிர் அளவைக் காட்டும் எண்கள் இம்மியும் பிசகாமல் ஓடி நின்றன.

கதவு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே ஓடினான்.

"எப்படி இருந்துச்சுக்கா?"

"தூங்கிட்டேன்."

அவனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. முதுகில் கைகொடுத்து அவளை உட்கார வைத்தான்.

"எல்லா நோயாளிகிட்டயும் பேசுற மாதிரியே பேசணும்னு சொன்னீங்க, பேசிட்டேன். இனிமே மேடம்னு கூப்பிடலாமா?"

"கூப்பிடு" என்றாள். "ஒன்பது வருஷமா இந்தப் படுக்கைகிட்ட நின்னு நானூறு பேருக்கு 'வலிக்காது'ன்னு சொல்லியிருக்கேன். அது பொய்யில்லைன்னு இன்னைக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது."