கெய்ஷா விருந்து

கம்பம் ஊருக்கு வெளியே, திராட்சைத் தோட்டத்துக்குள் புதிதாக விடுதி கட்டியிருந்த குபேந்திரனுக்கு, ஜப்பானிலிருந்து வந்த விருந்தாளிகளை அசத்திவிட வேண்டும் என்று ஆசை. விருந்தன்று பந்தி தொடங்கும் நேரத்துக்குக் கரகாட்டக்காரி முத்துப்பேச்சியை வரவழைத்தார்.

"அவுக ஊர்ல கெய்ஷான்னு பொம்பளைக இருக்காக. ஆடுவாக, பாடுவாக, விருந்தாளி பக்கத்துல உக்காந்து குடிக்க ஊத்திக் குடுப்பாக. நீயும் ஆடி முடிச்சிட்டு அப்படியே செஞ்சிரு."

"நான் ஆட வந்தேன். ஊத்திக் குடுக்க வரல."

"ஆட்டக்காரிக்கு இம்புட்டு ரோசமா?"

"ரோசம் இருக்கப் போயித்தான் தலையில கரகம் நிக்கிது. ஆடி முடிச்சதும் எனக்கும் இந்தப் பந்தியிலயே இலை போடணும். இல்லேன்னா இப்பவே கெளம்புறேன்."

"கெளம்பு! வாசல் அங்கன இருக்கு!"

அவர் போட்ட சத்தத்தில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்துப்பேச்சி கரகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள்.

விருந்தாளிகளில் மூத்த அம்மாள், என்ன தகராறு என்று மொழிபெயர்க்க வந்த பெண்ணிடம் விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் எழுந்து போய், முத்துப்பேச்சியின் கையைப் பிடித்து அழைத்து வந்து தன் பக்கத்தில் உட்கார வைத்தார். பிறகு குபேந்திரனிடம் ஜப்பானிய மொழியில் நிதானமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாக?" குபேந்திரன் பதறினார்.

மொழிபெயர்ப்புப் பெண் தயங்கிச் சொன்னாள்.

"'நானும் கெய்ஷாதான். ஆட்டமும் பாட்டும் எங்க தொழில். யாருக்கு ஊத்தணும்னு நாங்கதான் முடிவு பண்ணுவோம்'னு சொல்றாங்க. இன்னிக்கு இவங்க ரெண்டு பேருக்கும் நீங்க ஊத்தணுமாம்."

குபேந்திரன் தண்ணீர்ச் செம்பை எடுத்தார். முத்துப்பேச்சி தன் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.