இயந்திரத்துக்குக் கைம்மாறு

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். ஆண்டிஸ் மலைமேல் ஓர் ஊர். அங்கே இன்று என் வயலில் நீ உழைத்தால், நாளை உன் வயலில் நான் உழைக்க வேண்டும். தவறினால் அப்புறம் யாரும் உதவிக்கு வரமாட்டார்கள்.

அந்த ஊரில் தோமாசா என்று ஒருத்தி. அவள் வயலின் உருளைக்கிழங்கை ஒரு கம்பெனி இயந்திரம் இலவசமாகத் தோண்டிக் கொடுத்தது. மறுநாள் அவள் கம்பெனி வாசலில் போய் நின்றாள்.

“அது இயந்திரம்மா, கைம்மாறெல்லாம் கேக்காது,” என்று சிரித்தார் மேலாளர்.

“அது கேக்காதுதான் தம்பி, ஊரு கேக்குமே.”

நாள் முழுக்க இயந்திரங்களைக் கழுவிவிட்டுத்தான் போனாள். மேலாளர் யோசித்தார். மறுவாரம் கழுவுகிற கூலியாட்களை நிறுத்திவிட்டு, ஊரில் வீட்டுக்கு ஓர் இயந்திரம் என்று இலவசமாக அனுப்பினார். அடுத்த நாள் கம்பெனி வாசலில் கைம்மாறு செய்ய ஊரே நின்றது.

உங்கள் வீட்டுக்கு உதவ வருகிறவர்கள், உங்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களாகவே இருக்கட்டும்.