வெள்ளைத்தாடி டாக்டர்

"கையை நீட்டு, பார்ப்போம். அட, நடுக்கமே இல்லையே!"

டாக்டர் பென்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மருத்துவமனை ஊழியர்கள் வேலை பார்க்கும் நிலையில் இருக்கிறார்களா என்று பரிசோதித்துச் சொல்வது அவள் பொறுப்பு. எதிரே உட்கார்ந்திருந்த ருமியானா அங்கே மனநல டாக்டர். மனச்சோர்வு முற்றிப்போயிருந்த அவளை, தான்யூப் ஆற்றில் பனிக்கட்டி மிதந்த நாளில் பென்காவே பிடிவாதமாக வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தாள். செர்ரி பூத்தபின் இன்றுதான் திரும்பி வந்திருக்கிறாள்.

"தூக்கம்?"

"அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கறேன்க்கா."

"சாப்பாடு?"

"அம்மா வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் வெச்சு பானிட்சாவா சுட்டுத் தள்றாங்க. பழைய பாவாடை ஒண்ணும் இடுப்புல ஏற மாட்டேங்குது."

இருவரும் சிரித்தார்கள். ருமியானா சாக்லேட் பெட்டியைத் திறந்து நீட்டினாள். வேலைக்குத் தகுதி என்ற சான்றிதழில் கையெழுத்து இன்னும் விழவில்லை, அதற்குள் இனிப்பு!

"அக்கா, அன்னிக்கு உங்களைத் திட்டாத திட்டு இல்ல. என் நாற்காலிக்கு ஆசைப்பட்டு எவளோ போட்டுக்கொடுத்துட்டான்னு பல்லைக் கடிச்சேன். இப்பத்தான் புரியுது. நீங்க தடுக்கலைன்னா நான் இன்னிக்கு உயிரோடவே இருந்திருக்க மாட்டேன்."

"எனக்கு எதுக்கும்மா நன்றி? உங்க வார்டு டாக்டருக்குச் சொல்லு."

"எந்த டாக்டர்?"

"தெரியாத மாதிரி கேக்கறியே! உயரமா, வெள்ளைத் தாடி வெச்சுக்கிட்டு இருப்பாரே. பனிக்காலத்துல நான் உங்க வார்டுக்குப் பரிசோதனைக்கு வந்தப்போ தோட்டத்துல என்னை மடக்கிட்டார். 'ருமியானா சரியாச் சாப்பிடறதில்ல. பாதிப் பேச்சுல நின்னுடறாங்க. வாய் சிரிக்குது, கண்ணு சிரிக்கல. உடனே கூப்பிட்டுப் பாருங்க'ன்னு மளமளன்னு சொன்னார். அப்பா, என்ன கூர்மை! கூடவே வேலை பாக்கற யாருக்கும் தோணலையே."

ருமியானாவின் கையில் இருந்த சாக்லேட் வாய்க்குப் போகவில்லை.

"கேளு, உன்னை வேலைக்கு அனுப்பறேன். ஆனா ஒரு நிபந்தனை. அந்த டாக்டர் உன்மேல ஒரு கண்ணு வெச்சுக்கணும். மறுபடி ஏதாவது தெரிஞ்சா எனக்குச் சொல்லணும். சரின்னு சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடறேன்."

'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே வார்டுக்குப் போய்விடலாம். வேலையில்லாமல் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் காரியம் கெட்டுப் போகலாம். ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அக்கா... எங்க வார்டுல இருக்கற மூணு டாக்டரும் பொம்பளைங்க."

"அப்ப அவர் யாரு?"

ருமியானாவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"மெத்தோடி. என் நோயாளி. எல்லாரும் தன்கிட்ட எதையோ மறைக்கறாங்கன்னு சந்தேகப்படற வியாதி. 'டாக்டர், உங்களுக்கு உடம்பு சரியில்ல, மறைக்காதீங்க'ன்னு என்கிட்டயே எத்தனையோ தரம் சொன்னார் பாவம். வியாதி முத்திப்போச்சுன்னு ஒவ்வொரு தரமும் நான் அவர் மாத்திரையைக் கூட்டினேன்."

பென்கா கையெழுத்தைப் போட்டு நீட்டினாள்.

"போய் முதல்ல அவர் மாத்திரையைக் குறை. நிபந்தனை மட்டும் அப்படியேதான்!"