மறுதேர்வு

"உங்க பள்ளிக்கூடத்துல நூத்துக்குத் தொண்ணூறு பேர் இலவசச் சாப்பாட்டுப் பிள்ளைங்க. அவ்வளவு ஏழைப் பிள்ளைங்களுக்குக் கணக்குல இந்த மார்க்கா? யாரோ விடை சொல்லிக் குடுத்திருக்காங்க, மேடம்," என்றார் மாநிலக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்த பிரெஸ்காட்.

தலைமையாசிரியை வாண்டாவின் முகம் சிவந்தது. மேற்கு வர்ஜீனியாவின் அந்த ஊரில் நிலக்கரிச் சுரங்கத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். இந்தப் பழியும் சேர்ந்தால் அடுத்து பள்ளிதான்.

"நீங்களே வேற பரீட்சை வையுங்க, சார். எங்க டீச்சர் ஒருத்தரும் உள்ள வர மாட்டாங்க."

மறுநாள் மத்தியானம் பிரெஸ்காட் புதுக் கேள்வித்தாளோடு வந்து, தானே காவல் நின்று, அங்கேயே உட்கார்ந்து திருத்தினார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"போன தடவையைவிடக் கூட வாங்கியிருக்காங்களே. எப்படி?"

"போன பரீட்சை திங்கட்கிழமை காலையில நடந்துச்சு. வெள்ளிக்கிழமை இங்க சாப்பிட்டுப் போனதுக்கு அப்புறம், பாதிப் பேர் வயிறு நிறையச் சாப்பிடாமலே வந்து எழுதினாங்க. இன்னைக்கு வயித்துல கோழியும் பீன்ஸும் இருந்துச்சு."

பிரெஸ்காட் விடைத்தாள்களை அடுக்கி வைத்தார். பிறகு, "மன்னிச்சிருங்க, மேடம். என் புகாரை வாபஸ் வாங்கிக்கறேன்," என்றார்.

"நல்லது, சார். அடுத்த வருஷப் பரீட்சையையும் மத்தியானமே வையுங்க," என்றாள் வாண்டா, தலை நிமிர்ந்து. "அப்ப பாருங்க எங்க பிள்ளைங்களை."