கொடியும் கயிறும்

கழுத்தைக் கையால் பொத்திக்கொண்டு அவள் கரையில் நின்றாள்.

தாலிக்கொடியைக் கழற்றாதவர்களுக்குப் படகில் இடமில்லை.

பெண்கள் குழுவை அழைத்து வந்த ஷெரின் அதை மறுபடியும் சொல்லிவிட்டாள். ரப்பர் படகு குலுங்கும்போது தங்கக் கொடி உயிர்காப்பு ஜாக்கெட்டின் வாரில் சிக்கினால் கழுத்தை அறுக்கும். கொடியே அறுந்து விழுந்தால் கங்கை திருப்பித் தராது.

வெயிலில் ஆறு பச்சையாக ஓடியது.

அவள் ஊர் சுற்ற வந்தவள் அல்ல.

முன்பின் தெரியாத பெண்களோடு ரிஷிகேசம் போவதாக மருமகள் கோகிலவாணி சொன்னாள். தங்கள் வீட்டுப் பெண் எவளும் துணையில்லாமல் படி தாண்டியதில்லை. துணையாக மாமியார் அவளே கிளம்பினாள்.

புறப்படும் முன்பே ஷெரின் பக்குவமாகச் சொல்லியிருந்தாள். சீக்கிரம் காய்கிற துணி போதும். பழகிய செருப்பாக இருக்கட்டும். நகை வேண்டவே வேண்டாம். ஆளுக்கொரு விசிலும் கொடுத்தாள். எங்கேயாவது தனியாக மாட்டிக்கொண்டால் ஊத வேண்டுமாம்.

"எங்க வீட்டுப் பொம்பளைக விசிலடிக்க மாட்டாங்க" என்று அதை மருமகளிடமே தள்ளிவிட்டாள்.

கொடியைப் புளி போட்டுத் தேய்த்து, பளபளக்க அணிந்துகொண்டாள். போகிற இடத்தில் வீட்டின் பெயர் சொல்ல அது இருக்க வேண்டும்.

மருமகளோ கொடியைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, மஞ்சள் கயிற்றோடு ரயிலேறியிருந்தாள்.

கோவையில் அதைப் பார்த்தவள் டெல்லி வரைக்கும் அவளோடு பேசவில்லை.

அவர்கள் ஊரான தாராபுரத்துப் பக்கம், கழுத்தில் கயிறு ஏறினால் கொடி அடகுக்குப் போய்விட்டது என்று பொருள்.

மழை பொய்த்த ஒரு வருஷம் அம்மாவின் கழுத்திலும் அப்படித்தான் ஏறியது. அந்த வருஷத்துக் கல்யாணப் பந்திகளில் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டே சாப்பிட்டாள். தலை நிமிரவில்லை.

ஆற்றின் மேல்வளைவில் ஒரு படகு வந்தது.

வேறு ஏதோ குழு. அலையில் ஏறிக் குப்புற இறங்கியது. படகு நிறையப் பெண்கள் ஒரே குரலில் கூவினார்கள். ஹெல்மெட்டுக்கு வெளியே நரைத்த பின்னல் ஒன்று நீர் சொட்ட ஆடியது.

அவளுடைய கால் விரல்கள் மணலைப் பற்றின.

கோகிலவாணி ஏறி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் ஓர் இடம் காலி. பின்னால் துடுப்போடு ஓர் அன்னிய ஆண்.

துணைக்கு வந்தவள் கரையில் நிற்பதா?

காரணம் கிடைத்ததும் அவள் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"அம்மிணி, இங்க வா."

கோகிலவாணி இறங்கி வந்தாள். எதுவும் கேட்காமல் பையின் பக்க அறையைத் திறந்தாள். மடித்த காகிதம். உள்ளே, மஞ்சள் கிழங்கு கோத்த புதுக் கயிறு.

"எனக்குன்னு எதுக்கு எடுத்துட்டு வந்தே?"

"நீங்க கரையில உக்காந்திருப்பீங்கன்னு எனக்குத் தோணலீங்க அத்தை."

அவள் கிழக்கே திரும்பினாள்.

கழுத்து ஒரு நொடியும் வெறுமையாக இருக்கக் கூடாது. முதலில் கயிறு. மருமகள் முடிச்சுப் போட்டாள். அதற்குப் பிறகுதான் கொடி இறங்கியது.

குழுவோடு வந்த ருக்குமணி டீச்சர் முழங்கால் வலியால் படகேறவில்லை. கொடியைச் சுருக்குப் பையில் போட்டு அவரிடம் கொடுத்தாள். டீச்சரும் தாராபுரம்தான். கயிற்றைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் பையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கேட்டிருக்கலாம்.

படகு நகர்ந்தது. கழுத்து லேசாக இருந்தது. அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

முதல் அலை முகத்தில் அறைந்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் கங்கை. மூச்சு வந்ததும் சிரிப்பும் வந்தது.

அடுத்த அலை வருவதற்குள் வலப்பக்கத்துப் பெண்களின் துடுப்புகள் ஓய்ந்தன. படகு குறுக்கே திரும்பியது.

"ஏனுங்க, அந்தப் பக்கத்து ஆளுக சோறு தின்னுட்டு வரலீங்களா? போடுங்க!"

யாருக்கும் கேட்கவில்லை. ஆற்றின் இரைச்சல்.

மருமகளின் கழுத்தில் தொங்கிய விசிலை இழுத்து வாயில் வைத்தாள்.

ஊதினாள்.

துடுப்புகள் ஒன்றாக விழுந்தன. படகு நேரானது. தமிழ் தெரியாத படகோட்டி அவளைப் பார்த்துக் கைகூப்பிச் சிரித்தான். அதற்குப் பின் கரை சேரும் வரை படகு அவளுடைய விசிலுக்குத்தான் நடந்தது.

இறங்கும் கரைக்கு டீச்சர் வேனில் வந்து காத்திருந்தார். கைபேசியைத் தூக்கினார். சொட்டச் சொட்ட எல்லோரும் நெருங்கி நின்றார்கள்.

"அக்கா, கயிறு ஓரமாத் தெரியுதுங்க. உள்ள தள்ளிக்குங்க. படம் ஊர் குரூப்புக்குப் போகும். உங்க பங்காளி வீட்டாளுகளும் பார்ப்பாங்க."

கோகிலவாணியின் சிரிப்பு நின்றது.

மாமியாரோ தன் ஜாக்கெட்டின் கழுத்துக்குள் விரல்களை விட்டாள். நனைந்து சாயம் கசிந்த கயிற்றை முழுதாக வெளியே எடுத்தாள். ஆரஞ்சு ஜாக்கெட்டின் மேல் நேராக விட்டாள்.

மருமகளின் கயிற்றையும் எடுத்து அப்படியே விட்டாள்.

"இப்ப எடுங்க டீச்சர்."

படம் எடுத்தானதும் டீச்சர் இடுப்பிலிருந்து சுருக்குப் பையை உருவி நீட்டினார்.

அவள் அதைக் கவனிக்கவில்லை.

மேட்டில் அடுத்த சவாரிக்காகப் படகுகளை மறுபடியும் ஜீப்பில் ஏற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.