ரெஹானின் ஐந்து ஜிபி

கம்பெனி சர்வரில் ஒருத்தர் தன் சொந்தச் சரக்கைப் போட்டு வைக்கலாமா? ஜுவேரியாவுக்குப் பொறுக்கவில்லை. 'ரெஹான்-தொடாதே' என்ற பெயரில் ஐந்து ஜிபிக்கு ஒரு ஃபைல். சினிமாவோ, மச்சான் கல்யாண வீடியோவோ, யார் கண்டது?

வேலைக்குச் சேர்ந்து மூன்றே வாரம். காலையில் நேராகப் போய் மேனேஜர் ஸ்ரீரங்கனிடம் சொல்லிவிட்டாள். தரமணி ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி அவர் சீனியர் ரெஹானை வாங்கு வாங்கென்று வாங்கினார்.

ஐந்து மணிக்கு மேல் எடுத்துவிடுகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ரெஹான் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அன்று, இவர்கள் கம்பெனி நடத்தும் சைட்டில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை ஐந்தோடு சரி. எல்லாரும் சர்டிபிகேட்டைப் போனில் படமெடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

நாலு இருபதுக்கு சைட் படுத்துவிட்டது. சர்வர் டிஸ்க்கில் எள் போட இடமில்லை.

பட்டினப்பாக்கத்திலிருந்து ரோஸி என்ற பெண் போனில் அழுதாள். "இன்னைக்கு வுட்டா எனக்கு காலேஜே இல்லக்கா."

ஜுவேரியா, சர்வரை வாடகைக்கு எடுத்திருந்த கிளவுடில் டிஸ்க்கை ஐம்பது ஜிபியிலிருந்து நூறாக்கினாள். சர்வருக்குள் பார்த்தால் அதே ஐம்பது. பக்கத்து மனையை வாங்கியாயிற்று, நடுச்சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது.

சுவரை இடிக்கும் கட்டளையைத் தட்டினாள். அது வேலை செய்யவும் துளி இடம் வேண்டுமாம். இல்லையென்று திருப்பியடித்தது.

எதை அழிப்பது? ரெஹானின் ஃபைலை விட்டால் எல்லாம் பிள்ளைகளின் சர்டிபிகேட். அதை அவரைக் கேட்காமல் எப்படித் தொடுவது? மணி நாலு நாற்பத்தொன்று.

ரெஹான் பின்னால் வந்து நின்றார். "என் ஃபைலை அழி."

"உங்களுக்கு ஒரு காப்பி எடுத்துட்டு..."

"வேணாம். அழி."

அழித்தாள். கட்டளையை மறுபடி தட்டினாள். ஐம்பது நூறானது. சைட் எழுந்து உட்கார்ந்தது. ஐந்துக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் விண்ணப்பித்துவிட்டார்கள், ரோஸியும் சேர்த்து. சந்தோஷத்தில் ஜுவேரியா நாற்காலியை விட்டுத் துள்ளியே விட்டாள்.

அப்புறம்தான் காலையில் செய்தது உறைத்தது.

"மன்னிச்சிருங்க பாய். அதுல என்னதான் வெச்சிருந்தீங்க?"

"ஒண்ணுமில்ல. வெத்து ஃபைல். பஸ்ல துண்டு போட்டு இடம் பிடிப்பாங்கல்ல, அந்த மாதிரி. இப்படி ஒரு நாள் வந்தா உதவுமேன்னு போட்டு வெச்சேன்."

"காலையில திட்டு வாங்கறப்பவே சொல்லியிருக்கலாமே?"

ரெஹான் சிரித்தார்.

"வெத்துன்னு தெரிஞ்சிருந்தா, நீ அப்பவே அழிச்சிருப்பியேம்மா."